ஸ்டெல்லா பாடாத முதல் ஷோ

நேற்று சாயங்காலம் பெங்களூர் ஃப்ரேசர் டவுனில் எங்கள் பேண்டின் ஷோ. எங்கள் பாடகி ஸ்டெல்லா மேடையில்தான் இருந்தாள். ஆனால் பாடவில்லை!

"என்னப்பா, உங்களுக்குள்ள சண்டையா?" என்று இன்பாக்ஸில் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள்.

சண்டை இல்லை. (சண்டையாக இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.)

இன்று காலை ஸ்டெல்லாவிடம் போனில் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எல்லாத்தையும் எழுதிடு. ஆளாளுக்குச் சொல்ல எனக்கு மூச்சு பத்தல" என்றாள்.

தெரியாதவர்களுக்கு: நாங்கள் மூன்று பேர். ஸ்டெல்லா பாட்டு, கிடார். ரிச்சர்ட்ஸ் டவுன்காரி; பகலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிரகாஷ் டிரம்ஸ். ஸ்ரீராம்புரத்தில் பிறந்து வளர்ந்தவன், சிவாஜிநகரில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் பேஸ் கிடார். ஆம்பூரிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவன். (பேஸ் கிடார் எது என்று கேட்காதீர்கள். நான் வாசிப்பதை நிறுத்தினால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரியும்.)

தமிழில் சொந்தப் பாட்டு போடுகிறோம். பெங்களூரில் அதற்கு வரும் கூட்டத்தை ஒரே டெம்போ டிராவலரில் ஏற்றிவிடலாம்!

அந்தக் கூட்டமும் ஸ்டெல்லாவின் குரலுக்காக வந்ததுதான்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஸ்டெல்லா சர்ச் முடிந்து வந்ததும், பிரகாஷ் கடைப் பின்னறையில் எங்கள் வாராந்திர பிராக்டிஸ். கிடாரை ட்யூன் செய்துகொண்டே சொன்னாள்.

"கழுத்துல ஒரு கட்டி. தைராய்டு கேன்சராம்."

பிரகாஷ் டிரம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான். "இன்னாக்கா சொல்ற நீ?"

"பயப்படாத. எடுத்துட்டா சரியாயிடுமாம். ஆனா குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே இருக்குதாம். அதையும் எடுக்க வேண்டி வந்தா இனிமே பாட்டு கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு."

சொல்லிவிட்டு, "சரி, ரெண்டாவது பாட்டு. ஒன், டூ..." என்றாள்.

எங்கள் இரண்டு பேருக்கும் கை எழவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பு எல்லாப் பாட்டையும் ரெக்கார்ட் செய்துவிடுவது என்று முடிவெடுத்தோம். ஸ்டுடியோ என்றால் பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு நண்பர் வீட்டுப் படுக்கையறை. சுவர் முழுக்க மெத்தை.

அவள் பாட ஆரம்பித்தால் மாடி வீட்டில் கிரைண்டர் ஓடும். நிறுத்துவோம். மறுபடி ஆரம்பித்தால் மறுபடி கிரைண்டர். வழக்கமாக இதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவள், அன்றைக்குக் கத்திவிட்டாள்.

"யாராவது மேல போய் சொல்லுங்கடா! எனக்கு டைம் இல்லன்னு சொல்லுங்க!"

நான் போனேன். என் அரைகுறைக் கன்னடத்தில் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் பாதி மாவோடு கிரைண்டரை அணைத்துவிட்டார்.

ஸ்டெல்லா எல்லாப் பாட்டையும் பாடி முடித்தாள். "போட்டுக் கேக்கலாமா?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

ஆபரேஷனில் கட்டி முழுக்கப் போய்விட்டது. கட்டி நரம்பைச் சுற்றியிருந்ததால் ஒரு பக்கத்து நரம்பும் போய்விட்டது.

இப்போது அவள் பேசினால் பாதி காற்று. ஒரு வாக்கியத்தை முடிக்க இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டும். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்பதில்லை. பள்ளியில் அவளை ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் குரல் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பேச்சு கொஞ்சம் தேறியது. பாட்டு வரவில்லை.

இந்த நிலையில்தான் நேற்றைய ஷோவுக்கு அழைப்பு வந்தது. பிரகாஷும் நானும் பெரிய யோசனையோடு அவள் வீட்டுக்குப் போனோம். ரெக்கார்ட் செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் மேடையில் வாசிப்பது!

அவள் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள்.

"செத்தவங்க போட்டோவைத்தான் சுவத்துல மாட்டி மாலை போடுவாங்க. என்னை எதுக்குடா மாட்டறீங்க?"

"ஐயோ அக்கா, அப்டி இல்லக்கா. அது உன் குரல்தானே?" என்றான் பிரகாஷ்.

"அது இல்ல." மூச்சு வாங்கினாள். "இதான் என் குரல்."



பிறகு அவளே, "ரீனாவைக் கூப்பிடலாம். நான் கிடார் வாசிக்கறேன்" என்றாள். ரீனா அவளோடு சர்ச் கொயரில் பாடியவள். ஸ்டெல்லா எழுதிய பாட்டுகளை ஸ்டெல்லாவே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பாடிக் காட்ட முடியாததால் கிடார் கம்பியில் ஒவ்வொரு சுரமாக மீட்டிக் காட்டினாள். பார்க்க முடியாமல் நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி எழுந்து எழுந்து போனேன்.

நேற்று ரீனா நன்றாகப் பாடினாள். நிஜமாகவே நன்றாக!

ஸ்டெல்லா பக்கத்தில் நின்று தலையைக் குனிந்தபடி வாசித்தாள். ஒரு பிசகு இல்லை. முன் வரிசையிலிருந்து ஒரு பெண், "அக்கா, நீங்க ஒண்ணு பாடுங்க!" என்று கத்தினாள். பாவம், அவளுக்குத் தெரியாது. ஸ்டெல்லா சிரித்துவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தாள்.

ஷோ முடிந்து, மேடைக்குப் பின்னால் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம்.

"ரீனா நல்லா பாடினா இல்ல?" என்றாள் ஸ்டெல்லா.

பொய் சொல்ல வரவில்லை. "ஆமா. நல்லா பாடினா."

"சொதப்பணும்னு வேண்டிக்கிட்டேன்டா. மேடையில நின்னுக்கிட்டே, ஏசப்பா இவ சொதப்பணும்னு..."

 கிடாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கும் சத்தம் வரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிரகாஷ் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். 

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். எப்போதும் "ஞாயிற்றுக்கிழமை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவாள். நேற்று சொல்லவில்லை.

வந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி. கை தட்டியவர்களுக்கும், பாடச் சொல்லிக் கேட்ட அந்தப் பெண்ணுக்கும்.

ஸ்டெல்லா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். காலையில் போனில் கேட்க வாய் வரவில்லை. அதனால் எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வரலேன்னா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்.

ஆனா, வருவியா?