கப்பலக்கா போன தூது

துறைமுக வாசலில் அவளைக் கப்பலக்கா என்றால்தான் தெரியும். உல்லாசக் கப்பல் வருகிற நாளில் மற்ற டாக்சிக்காரர்களுக்கெல்லாம் முன்பாக வந்து நிற்பாள். டாக்சிக்கு வருவதற்கு முன் பல வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறுகிற பிள்ளைகள் வீட்டு வாசலில் இறங்கும்போது ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு இறங்கும்.

அன்று அவள் வண்டியில் ஏறியவர்கள் அறுபதைத் தாண்டிய புருஷனும் பெண்டாட்டியும். அந்த அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து கதவைப் படாரென்று சாத்தினார். அவர் பின்னால்.

"லைட் ஹவுஸ் பாக்கலாமான்னு அவங்களக் கேளுங்க" என்றார் அவர்.

கப்பலக்கா பக்கத்தில் திரும்பினாள். "லைட் ஹவுஸ் பாக்கலாமான்னு..."

"எனக்கு ஒண்ணும் காது செவிடு இல்ல. எங்க வேணா போகட்டும்னு சொல்லுங்க."

கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கலங்கரை விளக்கத்தில் அவர் மட்டும் படியேறினார். அந்த அம்மா கீழே பழச்சாறுக் கடையில் உட்கார்ந்ததும் மனசைக் கொட்டிவிட்டார். முந்தைய நாள் கப்பலில் பாட்டுப் போட்டியாம். இந்த அம்மாவைக் கேட்காமலேயே அவர் பெயரைக் கொடுத்துவிட்டாராம் மனுஷன். மேடையேறிப் பாதிப் பாட்டில் இந்த அம்மா வரி மறந்துபோய் நின்றபோது, கூட்டத்திலேயே பலமாகச் சிரித்தவரும் அந்த மனுஷன்தானாம்.

"யார் சிரிச்சிருந்தாலும் தொடச்சிப் போட்டிருப்பேன். இவர் சிரிக்கலாமா?" என்று பழச்சாறு டம்ளரை ஓரமாகத் தள்ளினார். உடனே சமாளித்துக்கொண்டு, "சீக்கிரம் எறங்கச் சொல்லுங்க. இல்லன்னா அங்கயே குடித்தனம் நடத்தச் சொல்லுங்க" என்றார்.

கப்பலக்காவுக்கு மாடிப்படி என்றாலே மூச்சு வாங்கும். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறி உச்சிக்குப் போனாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்ற நிலையைப் பார்த்ததும், கொண்டுவந்த சேதியைச் சொல்ல மனம் வரவில்லை.

"மேலேருந்து கடல் எப்படித் தெரியுதுன்னு அம்மா கேக்குறாங்க."

"அவளா கேட்டா?" அவர் முகம் மலர்ந்தது. மறுகணமே விறைத்துக்கொண்டு, "கண்ணு இருந்தா வந்து பாத்துக்கட்டும்" என்றார்.

திரும்ப அத்தனை படியும் இறங்கினாள். "நீங்க பக்கத்துல இல்லாம பாக்கவே பிடிக்கலையாம்மா."

அந்த அம்மா நிமிர்ந்து உச்சியைப் பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். கப்பலக்கா தன் முழங்காலைச் சபித்தபடி பின்னாலேயே ஏறினாள்.

உச்சியில் அந்த அம்மா, "நான் இல்லாம பாக்கப் பிடிக்கலன்னீங்களாமே?" என்றார்.

"நானா? நீதான கடல் எப்படி இருக்குன்னு கேட்டு அனுப்பின?"

இருவரும் ஒரே சமயத்தில் கப்பலக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்களப் பாத்தா எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்றார் அம்மா.

"அதான! கேளு, நல்லாக் கேளு" என்றார் அவர்.

"சொன்னதச் சொல்லாம, சொல்லாததச் சொல்லி..."

"ரெண்டு பக்கமும் கதை கட்டி..."

ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டு, கப்பலக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றாள். முதலில் சிரித்தது அந்த அம்மாதான்.

சிரிப்பு அடங்கியதும் அவர் மெதுவாகச் சொன்னார். "நேத்து நான் சிரிச்சது தப்புதாம்மா. உன் முகம் வாடினதுக்கப்புறந்தான் எனக்கே ஒறைச்சுது."

"கொஞ்சநஞ்சமாவா சிரிச்சீங்க?"

"மிச்சப் பாட்டப் பாடேன். இங்க போட்டி ஒண்ணும் இல்ல."

அந்த அம்மா பாடினார். காற்று பாதியைக் கொண்டுபோனது. மீதியில் சுருதி அங்கங்கே சறுக்கியது. ஆனால் வரி எதுவும் மறக்கவில்லை.

திரும்பும்போது இருவரும் பின்சீட்டில். அடுத்து மீன் மார்க்கெட்டா, மியூசியமா என்று கப்பலக்கா கேட்டாள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. கடற்கரைச் சாலையிலேயே ஊரைச் சுற்றிக் காட்டிக் கப்பலில் சேர்த்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது நடந்ததையெல்லாம் கணவனிடம் சொல்லிச் சிரித்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் அவன். அவனும் விழுந்து விழுந்து சிரித்தான். திடீரென்று கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"ஆமா, எங்க மாப்பிள்ளை மாதிரி தங்கமான பிள்ளை கெடைக்குமான்னு உங்கம்மா ஊரெல்லாம் சொல்றாங்கன்னு சொன்னியே, அது?"

"சாப்பாடு ஆறுது பாருங்க" என்றாள் கப்பலக்கா.