விரல் நகம் அளவுக்கு ஒரு முகம்

கணினித் திரை முழுக்க விரித்துப் பார்த்தால் எந்தப் படமும் அழகாகத்தான் இருக்கும். கடையில் அது அப்படி வராது. வீடியோ விளையாட்டுகளை விற்கிற இணையக் கடையில் உங்கள் அட்டைப்படம் எத்தனையோ படங்களுக்கு நடுவே விரல் நகம் அளவில் கிடக்கும். பார்க்கிறவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார். அந்த விரல் உங்கள் படத்தில் ஒரு கணம் நிற்கவேண்டும். இதை எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. திருவொற்றியூரில் நான் முதலில் வேலை பார்த்த ஃப்ளெக்ஸ் கடைதான் சொல்லித்தந்தது.

அங்கே கல்யாணம், காதுகுத்து, தலைவர் பிறந்தநாள் எல்லாம் வரும். ஆனால் கடையை ஓடவைத்தது கண்ணீர் அஞ்சலிதான். எங்கள் பக்கத்தில் சாவுக்குக் குறைச்சல் இல்லை. யாரோ ஒருவருடைய கல்யாண போட்டோவின் மூலையில் நிற்கிற ஆளின் தலையை மட்டும் வெட்டி எடுப்பேன். கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் மாட்டிவிடுவேன். நடுவில் முகம், சுற்றி ஆரஞ்சு நிற மாலை, கீழே கொட்டை எழுத்தில் பெயர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலும் செத்தது யார் என்று தெரியவேண்டும் என்பார் கடைக்காரர். என் கை தானாகவே செய்கிற அளவுக்கு அந்த வேலை பழகிப்போனது.

பிறகு நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்யத் தொடங்கினோம். அவள் தண்டையார்பேட்டைக்காரி, அவளுடைய அத்தா இரும்புச் சாமான் வியாபாரி. நிரல் எழுதுவது அவள், படம் போடுவது நான். இருவருக்கும் பிழைப்புக்கு வேறு வேலை இருந்தது. விளையாட்டில் ஒரு மீனவன் எண்ணூர் முகத்துவாரம் வழியாகப் படகை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பவேண்டும். வழியில் சாம்பல் படிந்த தண்ணீர், மணல் திட்டு, எதிரே வருகிற கப்பல். அவ்வளவுதான் கதை. அந்த மீனவனுக்கு என் அண்ணனின் முகத்தைக் கொடுத்தேன்.

அண்ணன் வீடு திரும்பவில்லை. நெட்டுக்குப்பத்திலிருந்து தனியாக ஃபைபர் படகில் போனான். படகு கவிழ்ந்து கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காததால் எங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. காரியம் இல்லை, படத்துக்கு மாலை இல்லை. யாராவது அவனைப் பற்றி வருத்தமாகப் பேச வாயெடுத்தால் அம்மா எழுந்து போய்விடுவாள். அந்தமான் பக்கம் ஒதுங்கியிருப்பான், ஏதோ கப்பல்காரன் தூக்கிப் போயிருப்பான் என்று தினம் ஒன்று சொல்வாள். அண்ணி பொட்டும் பூவுமாக மீன் கூடையோடு சந்தைக்குப் போய்வந்தாள். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. குப்பத்தில் பாதிப் பேர் அந்தப் பூவைப் பற்றி அவள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள், மீதிப் பேர் முகத்துக்கு நேராகவே பேசினார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

முகத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். அம்மா ஒரு நிபந்தனை போட்டாள்.

"போட்டுக்கோடி. ஆனா உசுரோட கீறா மாரி போடு."

சரி என்றேன். அந்த ஒன்றைக் காப்பாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

அட்டைப்படத்தில்தான் மாட்டிக்கொண்டேன். முதலில் போட்டதில் எல்லாமே இருந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், கொக்குகள், அலை, ஒரு மூலையில் படகு, படகில் அண்ணன். மொத்த எண்ணூரையும் அடக்கிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை. தோழி அதைச் சுருக்கி, மற்ற விளையாட்டுகளின் படங்களுக்கு நடுவே ஒட்டி, போனைக் கை நீட்டிப் பிடித்தாள்.

"உன்னுது எங்க கீது, காட்டு."

எனக்கே தெரியவில்லை. பிழிந்து போட்ட துணி மாதிரி ஒரு சாம்பல் சதுரம் கிடந்தது.

"கொக்கு, புகை எல்லாத்தையும் தூக்கு தோஸ்து. ஒரே ஆளு, ஒரே கலரு. உங்கண்ணன் மூஞ்சி அம்மாம் நல்லா கீது, அத்தப் போயி மூலைல குந்த வெச்சிக்கினு."

எரிச்சலாக இருந்தது, ஆனால் அவள் சொன்னது சரி. கொக்கை எடுத்தேன். புகைபோக்கியை எடுத்தேன். கடைசியில் படகையும் எடுத்தேன். அண்ணன் தண்ணீரில் மிதக்கிறான், பிழைத்திருக்கிறான். படகுகளில் மாட்டிவைக்கிற ஆரஞ்சு நிற மிதவை வளையம் அவன் தலையைச் சுற்றி இருக்கிறது. கண்கள் நேராக நம்மைப் பார்க்கின்றன. பின்னால் வெறும் சாம்பல் நிறத் தண்ணீர். கீழே ஆங்கிலத்தில் விளையாட்டின் பெயர், கொட்டை எழுத்தில். பெரிதாகப் பார்த்தால் வளையத்தின் வெள்ளைப் பட்டைகளும் கயிறும் கயிற்றின் முடிச்சும் கூடத் தெரியும்.

சுருக்கிப் பார்த்தோம். இந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. அந்தத் திரையில் வேறெதுவும் கண்ணில் படவில்லை. தோழி சந்தோஷத்தில் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவள் வீட்டில் போட்டோவுக்கு மாலை போடும் வழக்கம் கிடையாது, அவளுக்குத் தோன்ற நியாயமில்லை. ஃப்ளெக்ஸ் கடையில் இருந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் அன்றைக்கு முகத்தையும் நிறத்தையும் மட்டும்தான் பார்த்தேன்.

விளையாட்டின் பக்கம் இணையக் கடையில் ஏறியதும் அண்ணிக்கு வாட்ஸப்பில் இணைப்பை அனுப்பினேன். இணைப்போடு அட்டைப்படமும் சின்னதாக ஒட்டிக்கொண்டு போகும். அண்ணியின் மகள் அதை எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறாள். "எங்க அப்பா" என்று மட்டும் எழுதியிருக்கிறாள். பெருமையில் போட்டதுதான்.

மறுநாள் மத்தியானம் காலடிப்பேட்டையில் வேலையில் இருந்தபோது அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யார் செத்தது என்று கேட்டேன்.

"நீ வூட்டுக்கு வா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வாசல் முழுக்கச் செருப்புகள். உள்ளே சொந்தக்காரப் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். காசிமேட்டு அத்தை பெரிய மாலையோடு வந்திருந்தாள். அம்மா அவள் உள்ளே நுழைய முடியாதபடி நிலைப்படியில் நின்றாள்.

"யாரு செத்தான்னு வந்துகினு கீறீங்க? எம் புள்ளைக்கு மாலை எடுத்தாற நீ யாருடி?"

அத்தையும் விடவில்லை. போனை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நானா போட்டேன்? உம் பொண்ணுதான் மாலை போட்டு அனுப்சிகீறா. ஒடம்பு கெடச்சிட்ச்சி, நமக்குத்தான் சொல்லல போலன்னு அலறி அடிச்சிகினு ஓடியாறேன்."

அந்தப் போனை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. விரல் நகம் அளவில் என் அண்ணன். கயிறு இல்லை, முடிச்சு இல்லை. ஆரஞ்சுக்கு நடுவே அந்த வெள்ளைப் பட்டைகள் சாமந்திக்கு இடையில் வைத்துக் கட்டிய சம்பங்கி போலவே இருந்தன. மாலைக்குள் முகம், கீழே கொட்டை எழுத்து.

"இது மாலை இல்ல அத்தை. போட்ல மாட்டி வெப்பாங்களே, மிதவை," என்று பெரிதாக்கிக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை. ஒப்பாரி நிற்கவில்லை. படத்தை உடனே எடுத்துவிடச் சொல்லலாம் என்று தோழியின் எண்ணைத் தேடினேன்.

அண்ணி அடுப்பங்கரையிலிருந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் கையில் மீன் வாடை அடித்தது.

"எடுக்காத," என்றாள். மெதுவாகத்தான் பேசினாள். "நேத்தே பாத்தேன். பாத்த ஒடனே மாலைன்னுதான் தெரிஞ்சுது. பரவால்ல, இருக்கட்டும். இன்னும் எத்தினி நாளிக்கி நான் ரெண்டுங்கெட்டானா திரியறது."

பெண்கள் வட்டத்தில் ஓர் இடம் விட்டிருந்தார்கள். அண்ணி நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவள் தோளில் கையைப் போட்டாள். பிறகு அவள் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே எழுந்தது. அண்ணன் போனதிலிருந்து அவள் அழுது நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மா கத்துவதை நிறுத்தினாள். அத்தை மாலையோடு அவளைக் கடந்து உள்ளே போனபோது தடுக்கவில்லை. மருமகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கடலோரக் காவல்காரர்கள் வந்தபோதும், ஊர்ப் பெரியவர்கள் வந்தபோதும் அவள் கேட்காததை என்னிடம் கேட்டாள்.

"அப்ப அவன் வரமாட்டானாடி?"

"வரமாட்டாம்மா," என்றேன்.