சேறு படாத கால்சட்டை

தால்வா யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. இறைச்சிக் கடையில் வாங்கியதை வீட்டுத் தராசில் மறுபடி நிறுத்துப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டால், எங்கே போகிறார் என்று வாசலில் நின்று பார்ப்பாள். ரிபெய்ராவ் தோர்த்தோ என்ற அந்தச் சின்ன ஊரே இதைச் சொல்லிச் சிரிக்கும். ஆனால் நெசவாளர் கால்பந்துக் கிளப்பின் உடுப்பு அறைச் சாவி மட்டும் கிட்டத்தட்ட இருபது வருடங்களாக அவளிடம்தான் இருந்தது.

ஆலைத் தொழிலாளிகள் முப்பதுகளில் ஆரம்பித்த கிளப் அது. ஒரு காலத்தில் தலைநகரத்துப் பெரிய அணி ஒன்றை இந்த மைதானத்திலேயே ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்திருந்தார்கள். அந்தக் கோலைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களை எண்ணினால் மைதானம் கொள்ளாது. தொண்ணூற்றைந்தில் ஆலை மூடியது. அதில் தறி ஓட்டிக்கொண்டிருந்த தால்வாவும் தெருவுக்கு வந்தாள், கிளப்பும் வந்தது. இரண்டு முறை கீழ்ப் பிரிவுக்கு இறங்கி, ஒரு வருடம் அணியே இல்லாமல் கிடந்து, எப்படியோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் தால்வா ஜெர்சி துவைக்க வந்து சேர்ந்தாள்.

இரண்டாயிரத்துப் பதினாறில் சாவோ பாவ்லோவிலிருந்து, கிளப்பில் பணம் போடுகிறேன் என்று எவாண்ட்ரோ என்று ஒருவர் வந்தார். புது பஸ், புது ஜெர்சி, கூடவே எட்டு ஆட்டக்காரர்கள். கிளப் தலைவர் அமான்சியோ, மருந்துக்கடைக்காரர், அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஊரே கொண்டாடியது. தால்வா மட்டும், "இவருக்கு நம்ம ஊரு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள்.

அடுத்த பிப்ரவரியில், இரண்டு கோல் முன்னிலையில் இருந்த ஆட்டத்தை நாலுக்கு இரண்டு என்று தோற்றார்கள். ஊர் மொத்தமும் கோல்கீப்பர் வால்தெசிர் மேல் பாய்ந்தது. முப்பத்துநாலு வயது, நாட்டின் வடக்கிலிருந்து வந்தவன், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன், சிரிக்காதவன். ஆட்டத்துக்கு முந்தின வியாழக்கிழமை பேக்கரிக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிறக் காரிலிருந்து அவன் இறங்கியதைத் தால்வா பார்த்திருந்தாள். இறங்கியவன் கதவை ஓங்கி அறைந்து சாத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

நேரே மருந்துக்கடைக்குப் போனாள்.

"தலைவரே, அந்தக் கீப்பர் சரியில்ல. தெரியாத காருல ஏறி இறங்குறான்."

அமான்சியோ முதல்முறையாக அவள் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். "நானும் அதான் நெனச்சேன் தால்வா," என்றார். அடுத்த ஆட்டத்தில் வால்தெசிரை ஆடவிடாமல் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. மைதானம் களிமண் குழம்பாகக் கிடந்தது. மாற்றுக் கீப்பரோடு ஆடியும் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். திங்கட்கிழமை தால்வா துணிகளைப் பிரித்தாள். கீப்பரின் உடுப்பு, நடு ஆட்டக்காரர்களுடையது, முன்வரிசைக்காரர்களுடையது எல்லாம் இடுப்புவரை சேறு. மூன்றாம் எண்ணும் ஐந்தாம் எண்ணும் போட்ட வெள்ளைக் கால்சட்டைகளில் நனைந்த ஈரம் மட்டும்தான். அவை எவாண்ட்ரோ கூட்டிவந்த இரண்டு தடுப்பாட்டக்காரர்களுடையவை. மூன்று கோல் விழுந்த ஆட்டத்தில், அந்தச் சகதியில், இருவரும் ஒருமுறைகூடச் சறுக்கி விழுந்து பந்தைத் தடுக்கவில்லை.

அவள் வாளிமேல் உட்கார்ந்தாள். தப்புச் செய்யாதவனைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று புரிந்தது. இரண்டு கால்சட்டைகளையும் துவைக்காமல் பையில் போட்டுக்கொண்டு மறுபடி மருந்துக்கடைக்கு ஓடினாள்.

அவள் சொன்னதைக் கேட்டும் அமான்சியோ பையைத் திறக்கக்கூட இல்லை. "போன வாரம் கீப்பர். இந்த வாரம் தடுப்பாட்டக்காரனுங்க. அடுத்த வாரம் நானா? பஸ் யாரு குடுத்தா, கொஞ்சம் நெனச்சுப் பாரு. போய்த் துவை."

அவருக்கும் இது தெரியுமோ என்ற சந்தேகம் தால்வாவுக்கு அப்போது எழுந்தது. அது கடைசிவரை தீரவில்லை.

வால்தெசிர் பேக்கரிக்கு மேல் ஒரு அறையில் குடியிருந்தான். தால்வா போய்த் தட்டியதும் கதவைத் திறந்தவன் உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஒன்ன உக்கார வச்சது நான்தான்பா," என்றாள் தால்வா. "காரப் பாத்துட்டுப் போய்ச் சொன்னேன்."

"தெரியும்."

"அந்தக் காரு யாரோடது?"

"எவாண்ட்ரோவோட ஆளு. ரெண்டாவது பாதியில மூணு கோலாவது விடணும்னு கேட்டான். முடியாதுன்னேன். நான் நிக்கும்போதே, தடுக்க வேண்டிய ரெண்டு பேரும் வழி விட்டு கோலு போட வச்சாங்க. அப்புறம் நீங்க வேற வந்து அவங்க வேலைய லேசாக்குனீங்க."

"ஏன்பா யாருகிட்டயும் சொல்லல?"

"யாருகிட்ட? ஒங்ககிட்டயா?"

அவள் தலை குனிந்தாள். "என்னை மன்னிச்சிரு."

"அதெல்லாம் இப்ப சொல்லாதீங்கம்மா," என்றான். பிறகு செல்பேசியை எடுத்து நீட்டினான். கார்க்காரன் அனுப்பிய செய்திகள் ஒன்றுவிடாமல் அதில் இருந்தன.

மறுநாள் இருவரும் பஸ் ஏறி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசு வழக்கறிஞரிடம் அவன் செல்பேசியைக் கொடுத்தான். அவள் கால்சட்டைகளை மேசைமேல் வைத்தாள். அந்தப் பெண் வழக்கறிஞர் அவற்றை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நாலு மாதத்தில் எல்லாம் வெளிவந்தது. வெளிநாட்டுப் பந்தயக்காரர்களுக்காக விற்ற ஆட்டங்கள் மொத்தம் ஐந்து. எவாண்ட்ரோ தலைமறைவானார். தொலைபேசி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. பஸ்ஸை வாடகைக்குக் கொடுத்தவர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கும் ஆயுள் தடை. கிளப்புக்கு இரண்டு வருடம் ஆடத் தடை.

அந்தத் தண்டனையை ஊர் தால்வா கணக்கில் எழுதியது. ரொட்டி வாங்கப் போனால் பேச்சு நின்றது. ஒருநாள் காலையில் வீட்டுச் சுவரில் 'கிளப்பைக் கொன்றவள்' என்று பச்சைப் பெயிண்டில் எழுதியிருந்தது. பச்சை கிளப்பின் நிறம். பெயிண்டும் கிளப் கிடங்கில் இருந்ததுதான், டப்பாவை அவளே வாங்கி வைத்திருந்தாள். அவள் அழவில்லை. எழுத்து யாருடையது என்று மட்டும் இரண்டு நாள் ஆராய்ந்தாள். பிறகு சாவியைக் கிளப்பில் கொடுத்துவிட்டு, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடப் போனாள்.

வால்தெசிருக்கு அதன் பிறகு எந்த அணியும் கிடைக்கவில்லை. வாயைத் திறந்தவன் என்று எல்லோரும் ஒதுங்கினார்கள். கோயாஸ் மாநிலப் பக்கம் லாரி ஓட்டப் போய்விட்டான். போகும்போது சொல்லிக்கொண்டு போனான், அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை.

தடை முடிந்து, மாநிலத்தின் கடைசிப் பிரிவில் உள்ளூர்க்காரர்களை மட்டுமே வைத்துக் கிளப் மறுபடி தொடங்கியது. அமான்சியோவின் இடத்துக்கு வந்த புதுத் தலைவி ரோசில்தா, பள்ளி ஆசிரியை. உடுப்பு அறைச் சாவியோடு தால்வா வீட்டுக்கே வந்தாள்.

"நீங்க வந்தாத்தான் நான் இந்தப் பதவியில இருப்பேன்."

"எதுக்கு அப்படிச் சொல்ற? யாரு அனுப்புனா?"

"யாரும் அனுப்பல அக்கா. நானேதான் வந்தேன்."

தால்வா மூன்று நாள் யோசித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். முதல் ஆட்டத்துக்கு இருநூறு பேர் வந்தார்கள். ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. யாரும் அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை. ஆனால் வேர்க்கடலைக்காரன் கேட்காமலே ஒரு பொட்டலம் நீட்டினான். இரண்டு வருடமாக முகம் திருப்பிக்கொண்டிருந்தவன்.

ஆட்டம் முடிந்து ரோசில்தா ஓடி வந்தாள். "அக்கா, பக்கத்து ஊரு சூப்பர் மார்க்கெட்காரர் நமக்கு ஜெர்சி எடுத்துத் தர்றேங்கிறாரு. என்ன சொல்றீங்க?"

தால்வா கடலையை மென்றுகொண்டே சொன்னாள். "நாளைக்கு அவரு கடைக்குப் போறேன். அதுக்கப்புறம் சொல்றேன்."