சிலுவை இல்லாத பெரிய வெள்ளி

அக்காவின் கல்யாண ஓலையைச் சபையில் முதல் தடவை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, மாப்பிள்ளையின் தாய்மாமா கீழ்க்கட்டளையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். சொல்லாமல் வந்தார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று. மூன்றாவது வாசிப்பு முடியும்வரை பெண் வீட்டுக்காரர்களுக்குச் சோறு சரியாக இறங்காது. எங்களைப் போன்ற புதுக் கிறிஸ்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளை வீட்டில் நான்கு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். நாங்கள் ஞானஸ்நானம் எடுத்தபோது எனக்கே பத்து வயது.

தாய்மாமா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதைப் பார்த்தாலும் டிக்கெட் வாங்காமல் ஏறியவனைப் பார்ப்பதுபோல்தான் பார்ப்பார். "ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டே எங்கள் முன்னறையைச் சுற்றிலும் பார்த்தார். வசன காலண்டர், சரி. கடிகாரம், சரி. அப்புறம் என் படத்தில் வந்து நின்றார்.

"இது என்ன தம்பி?"

அது நான் வரைந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. பகலெல்லாம் அளவு தவறாமல் கோடு போடுவேன். அளவே இல்லாத ஒன்றை வரைய வேண்டும் என்ற ஆசை எனக்கு ஜெபத்தின்போதுதான் வரும். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. ஹார்டுபோர்டு வாங்கி, வெள்ளை பிரைமர் அடித்து, மேலே எனாமல் பெயிண்ட் பூசுவேன். அவ்வளவுதான் என் சித்திரக்கலை.

"பெரிய வெள்ளிக்கிழமை சார். மும்மணி ஆராதனை முடிஞ்சு வந்து வரைஞ்சேன்."

"சிலுவை எங்க?"

"சிலுவை இல்ல சார்."

"சிலுவை இல்லாம என்ன பெரிய வெள்ளி?"

படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் குறுக்காக மூன்று வெள்ளைக் கோடுகள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு என் அப்பாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு படத்தை. எனக்கு அப்போதுதான் புரிந்தது. விபூதிப் பட்டை என்று நினைக்கிறார்!

அம்மா கேசரி கொண்டுவந்து வைத்தாள். "இது வீட்ல செஞ்சதுதானே, எங்கயும் படைச்சது இல்லையே?" என்று கேட்டார். இல்லை என்று அம்மா சொன்ன பிறகும் தொடவில்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெரு முனை திரும்பியதும் அப்பா ஆரம்பித்தார். அப்பா பம்மலில் தோல் பதனிடும் தொட்டியில் வேலை செய்தவர். "ஒரே ஒரு சிலுவய அது மேல போட்டுடேண்டா. இன்னா, கை நோவுதா உனக்கு?"

"அப்படிப் போட்டா அது பொய்யாயிடும்பா."

"பொய்யாவது, மெய்யாவது. பொண்ணு வாழ்க்கை கீதுடா இதுல!"

அக்கா பாத்திரம் தேய்த்தாள். அன்றைக்குப் பாத்திரங்கள் போட்ட சத்தமே போதும்.

அடுத்த ஞாயிறு கோயிலில் எல்லாருடைய பார்வையும் என் மேலேயே இருப்பதாகத் தோன்றியது. இரண்டாவது வாசிப்பு தடையில்லாமல் முடிந்தது. ஆனால் வாசலில் உபதேசியார் என் தோளில் கைபோட்டு, "வீட்ல ஏதோ படம் மாட்டி வச்சிருக்கியாமே?" என்றார். எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர். யார் சொன்னது? முன்வரிசையில் இரண்டு பெண்கள் குனிந்து பேசினார்கள், எங்களைப் பற்றித்தான். இன்னொருவர் வழக்கத்துக்கு மேல் அன்பாகக் கை குலுக்கினார்; அவர்தான் போய்ச் சொல்லியிருப்பார். அந்த வாரம் முழுக்க இப்படியே போயிற்று. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு சொல் இல்லை.

புதன்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தேன். நெற்றியில் சோப்பு நுரை கொஞ்சம் பட்டது. விரல்களால் வழித்து எடுத்தேன். கண்ணாடியில் மூன்று தடம். கையிலிருந்த ரேசர் அப்படியே நின்றுவிட்டது. ஞானஸ்நானத்துக்கு முன்னால் தினமும் காலையில் அப்பா என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி மூன்று விரலால் பூசிவிடுவார். சாம்பல் கண்ணில் விழாமல் இன்னொரு கையால் மறைத்துக்கொள்வார். அதை நான் மறந்தே போயிருந்தேன். என் கை மறக்கவில்லையோ? அதுவரை ஊரைச் சந்தேகப்பட்டவன், அன்றிலிருந்து என்னையே சந்தேகப்படத் தொடங்கினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போதகரும் தாய்மாமாவும் சேர்ந்து வந்தார்கள். ஜெபிக்க வந்ததாகப் போதகர் சொன்னார். தாய்மாமா அப்படியெல்லாம் எதுவும் சொல்லவில்லை. நேராகப் படத்துக்குப் போய்க் கோட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்தார்.

"பள்ளமா இருக்கு?"

"பூசினது இல்ல சார். கறுப்பு காயறதுக்கு முன்னாடி உடைஞ்ச ஆக்ஸா பிளேடால சுரண்டினேன். அடியில இருக்கிற வெள்ளைதான் தெரியுது."

"சுரண்டினா என்ன, பூசினா என்ன? மூணு மூணுதானே."

"இயேசு சிலுவையில தொங்கினப்போ மூணு மணி நேரம் இருட்டா இருந்ததே சார், அதுக்காக..."

"சிலுவையில அவர் சொன்ன ஏழு வார்த்தைக்கு ஏழு பேர் பிரசங்கம் பண்ணாங்களே, ஏழு போட வேண்டியதுதானே?"

போதகர் சிரிப்பை அடக்கச் சால்வையைச் சரிசெய்தார். தாய்மாமா சிரிக்கவில்லை. "வேதத்து மேல கை வச்சுச் சொல்லு தம்பி. இது பட்டை இல்லதானே?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அப்பா என்னையே பார்த்தார். சமையலறை வாசலில் அக்கா நின்றாள். சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

"தெரியல சார்" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்து வயசு வரைக்கும் எங்கப்பா எனக்குப் பூசிவிட்டிருக்கார். அதுதான் கையில வந்துச்சான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா சுரண்டும்போது இயேசுவோட பேசிட்டுத்தான் இருந்தேன். அதுக்கு வேணா சத்தியம் பண்றேன்."

மின்சார ரயில் ஒன்று தாம்பரம் பக்கம் போகும் சத்தம் கேட்டு ஓய்ந்தது. தாய்மாமா போதகரிடம் திரும்பினார். "ஐயா, முப்பது வருஷம் வண்டியில பார்த்திருக்கேன். டிக்கெட் இல்லாதவன் எவனும் தெரியலன்னு சொன்னதே இல்ல. தொலைஞ்சு போச்சும்பான், முன்னாடி பெட்டியில தம்பிகிட்ட இருக்கும்பான்."

"அப்போ?" என்றார் போதகர்.

"அப்போ என்ன, ஜெபம் பண்ணுங்க."

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை உண்டோ என்று கேட்டபின் போதகர் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் தாய்மாமா இருமினார். என் பக்கத்திலிருந்த அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வெறும் இருமல்தான்.

கல்யாணப் பந்தியில் அவருக்கு நான்தான் பரிமாறினேன். இலையிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "அடுத்து என்ன வரையப் போற? முன்கூட்டியே சொல்லிடு."

"வரைஞ்சு முடிச்சாத்தான் எனக்கே தெரியும் சார்."

"அதாம்பா பயமே" என்றார், ரசத்துக்குச் சோற்றில் குழி பறித்துக்கொண்டே.