கைக்கு அடக்கமான ஒரு துவக்கு

என் கணவர் இறந்து முப்பத்தோராம் நாள் வரைக்கும் எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டில் கால் வைக்க இடமிருக்கவில்லை. சப்பாத்துகள் வாசல் நிறைந்து வெளியே பனியிலும் கிடந்தன. ஆளுக்கொரு சட்டியோடு வந்தார்கள், அழுதார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பிறகு வீட்டு விலை பேசினார்கள். அந்தியேட்டி முடிந்த மறுநாள் நான் ஒருத்திதான். துக்கத்துக்கு இவ்வளவு நாள் போதும் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்ததுபோல ஒரேயடியாக நின்றுபோனார்கள். குறை சொல்லவில்லை. மற்றவர்களின் வீடுகளுக்குப் போவதை நானும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

மகள் ரொறன்ரோவில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டு அவளுடைய பேஸ்மென்டுக்கு வரச் சொன்னாள். நான் மாட்டேன் என்றேன். அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் எங்கள் ஆட்களின் வீடொன்றில் பட்டப்பகலில் புகுந்து நகையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வீடுகளில் நகை இருக்கும், அதுவும் அரிசி வாளிக்குள் இருக்கும் என்பது இங்குள்ள கள்ளர்களுக்கு மனப்பாடம். அதன் பிறகு குளிக்கப் போகுமுன் பக்கக் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கத் தொடங்கினேன். பயந்து வீட்டை விட்டால் மகள் சொன்னது சரியென்று ஆகிவிடும். அந்த வீறாப்பில்தான் கைத்துப்பாக்கி யோசனை வந்தது. அப்போது கைத்துப்பாக்கி விற்பனைக்குத் தடை வந்திருக்கவில்லை.

புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் நின்ற கியூபெக்காரி என் வயதுக்காரி. ஞாயிறுகளில் குறிபார்த்துச் சுடும் கழகத்துக்குப் போகிறவள். நான் மெல்லக் கேட்டதும், "வந்து பிடித்துப் பார், பிடிக்காமல் ஒன்றையும் தெரிவு செய்யாதே" என்று காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

முதல் வெடிச் சத்தத்துக்கே நான் மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். காதுமூடி போட்டிருந்தும் உடம்பு தன் பாட்டுக்குக் குந்தியது. நான் எதையோ தவறவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்து அவளும் குனிந்து தேடினாள். நானும் தேடுவதுபோல நிலத்தைத் தடவினேன்.

மூன்று துவக்குகளை எனக்கு முன்னால் வைத்தாள். சின்னதுதான் சுகமாக இருக்கும் என்று நினைத்து, இருப்பதில் சின்னதை ஆசையாக எடுத்தேன். அவள் சிரித்தாள். பெண் என்றால் கடைக்காரர்களும் உடனே அதைத்தான் நீட்டுவார்களாம். சுட்டேன். உதைப்பு முழங்கை வரை ஏறியது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தோல் சிவந்துவிட்டது. பாரம் குறையக் குறைய உதைப்புக் கூடும் என்று அப்போதுதான் சொன்னாள். முதலே சொன்னால் வாய் தேய்ந்துவிடுமாக்கும்.

இரண்டாவது ரிவோல்வர். இழுக்க, தள்ள ஒன்றுமில்லை, குண்டைப் போட்டுச் சுட வேண்டியதுதான். ஆனால் விசை அவ்வளவு இறுக்கம். நான் முக்கி இழுத்து முடிப்பதற்குள் குழல் இலக்கை விட்டு எங்கேயோ போய்விட்டது. மூன்றாவது நீளக் குழலும் நல்ல பாரமும் உள்ள பிஸ்டல். 'இருபத்திரண்டு' என்ற அளவில் வரும் மெல்லிய தோட்டாதான் அதற்குப் போடுவது. குண்டை உள்ளே ஏற்ற அதன் மேல்மூடியைப் பின்னுக்கு இழுக்க வேண்டும்; என் பெருவிரல் மூட்டு விடவில்லை. "இழுக்காதே. மூடியை இடக்கையால் இறுக்கிப் பிடி, வலக்கையால் பிடியை முன்னுக்குத் தள்ளு" என்றாள். இத்தனை வருடம் இடியப்பம் பிழிந்த கைக்கு அது உடனே வந்துவிட்டது. சுட்டபோது கை கொஞ்சம் அசைந்தது, அவ்வளவுதான். கடதாசி வட்டத்தில், இடது பக்கம் கீழே, ஓட்டைகள் கூட்டமாக விழுந்திருந்தன. விசையைப் பறித்து இழுத்தால் அப்படித்தான் விழுமாம். எனக்கு இதுதான் என்று முடிவு செய்தேன்.

பிறகு கோப்பி குடிக்கும்போது, கள்ளருக்காகத்தான் வாங்கப் போகிறேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். அதை இங்கே வாய் திறந்து சொல்லாதே, எங்களைப் போன்றவர்களுக்குக் குறிபார்த்துப் பழகத்தான் தருவார்கள் என்றாள். வீட்டில் துவக்கைப் பூட்டி வைக்க வேண்டும், தோட்டாவை வேறாக வைக்க வேண்டும். "கள்ளன் வந்தால் கோப்பி கொடுத்து இருத்திவைத்துவிட்டுத்தான் நீ பூட்டுத் திறக்கப் போகலாம்" என்றாள். ஆசைப்பட்ட காரணம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. ஆனாலும் நான் விடவில்லை, அடுத்தடுத்த ஞாயிறுகளும் போனேன். ஞாயிறு காலையில் என் வாசலில் ஒரு கார் வந்து ஹோர்ன் அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகொரு நாள் வேலையிடத்தில், அனுமதிப் பத்திரத்துக்கு என்னை மூன்று வருடமாவது தெரிந்த இரண்டு பேர் வேண்டும் என்றாள். அவளுக்கு என்னை ஒரு வருடம்கூடத் தெரியாது. வீட்டுக்குப் போகும் நீண்ட பஸ் பயணத்தில் யோசித்துப் பார்த்தேன். ஊர் முழுக்கத் தெரிந்தவர்கள்தான். ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது அவரை; நான் அவருடைய மனைவி. அவருக்குப் பக்கத்தில் நிற்காத என்னை யாருக்குத் தெரியும்? கடைசியில் பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் அவருடைய நண்பருக்குப் போன் எடுத்தேன். அவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

"துவக்கோ? என்ன தங்கச்சி விசர்க்கதை கதைக்கிறியள்! துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள்."

"பழகத்தான் அண்ணை."

"பேந்து எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

அவர் எனக்குத் திருப்பி எடுக்கவில்லை. மற்ற எல்லோருக்கும் எடுத்திருந்தார். சனிக்கிழமை மனைவியோடு சோற்றுப் பார்சல் கொண்டு வந்தார். ஞாயிறு வேறொரு குடும்பம் வந்தது. மற்றக் கிழமை மகள் பேரனோடு ரொறன்ரோவிலிருந்து ஓடி வந்தாள். அண்ணையின் மனைவி கைகழுவப் போன இடத்தில் மருந்து அலுமாரி திறபடும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் பயந்தது கள்ளனை நினைத்து அல்ல.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மகள் என்னைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டாள்.

"அம்மா, சாகிற யோசனை ஏதும் இருக்கோ? நேராச் சொல்லுங்கோ."

"எனக்கு இந்த வீட்டில இருக்கிற யோசனைதான் இருக்கு" என்றேன். அது சத்தியம். சாகிறவள் ஏன் வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்து நின்று, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வருகிறாள்? அவள் நம்பினாளோ தெரியாது.

ஆனால் வீட்டில் சத்தம் இருந்தது. குசினியில் யாரோ உப்பு எங்கே என்று கேட்டார்கள். பேரன் படியில் ஏறி இறங்கினான். வாசலில் சப்பாத்துகள் ஒன்றுக்கு மேல் ஒன்று கிடந்தன. அண்ணை புறப்படும்போது, "அந்தத் துவக்குக் கதையை விட்டாச்சுத்தானே தங்கச்சி?" என்று கேட்டார். ஓம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"இன்னும் யோசிக்கிறன் அண்ணை."

அடுத்த சனியும் வந்தார்கள்.

அப்படியே கோடை முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தன் ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு காலையில் ஹோர்ன் சத்தமும் நின்றுபோனது. இலை உதிரும் காலத்தில் கைத்துப்பாக்கி வாங்க விற்க அரசாங்கம் தடை போட்டது. அன்றே அண்ணை போன் எடுத்தார். "அப்பாடா, இனி ஆரும் வாங்கேலாது. எங்களுக்கும் நிம்மதி தங்கச்சி" என்றார். அவருடைய குரலில் உண்மையான சந்தோசம். அந்தச் சனிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கும் வரவில்லை. வெள்ளியே செய்து வைத்த கறிகளை நான் தனியாகக் கிழமை முழுக்கத் தின்று தீர்த்தேன்.

பனி கொட்டத் தொடங்கியதும் நான்தான் அவருக்குப் போன் எடுத்தேன். சுகம் விசாரித்தேன், அவருடைய முழங்கால் நோவைக் கேட்டேன். பிறகு, வைக்கப் போகிறவள்போல, "வேட்டைக்கு எடுக்கிற நீளத் துவக்கு இன்னும் விக்கிறாங்களாம் அண்ணை" என்றேன்.



"சனிக்கிழமை நிப்பியளோ தங்கச்சி? நான் இவவையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"நிப்பன் அண்ணை. வாங்கோ."

போனை வைத்ததும் என்னை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரம், அண்ணை மற்ற ஆட்களுக்கும் எடுத்திருப்பார் என்று, ஐந்து பேருக்குக் காணும்படி வடைக்கு உழுந்து ஊறப்போட்டேன்.