ரிஜிஸ்டரில் முதல் பெயர்

போன வாரம் என் தங்கை மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் குச்சி, அதில் இரண்டு சிவப்புக் கோடுகள், கீழே ஏகப்பட்ட இதயங்கள். காய்ச்சல் பார்க்கும் கருவி போலிருக்கிறது என்று நினைத்து, 'உடம்பைப் பார்த்துக்கொள், கஞ்சி குடி' என்று பதில் போட்டுவிட்டேன்.

ஐந்து நிமிஷத்தில் போன்.

"பெரியம்மா... நான் கன்சீவ் ஆகியிருக்கேன்!"

காலையில்தான் தெரிந்ததாம். மதியத்துக்குள் குடும்ப குரூப், காலேஜ் குரூப், அபார்ட்மெண்ட் குரூப் என்று சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. நான் குறை சொல்லவில்லை, சந்தோஷம்தான். ஆனாலும் போனை வைத்ததும் சிரிப்பு வந்தது. ஏன் தெரியுமா? இந்த ஒரு சேதியைப் பெண்கள் வாயிலிருந்து வரவழைப்பதற்கென்றே ஒரு காலத்தில் நான் சம்பளம் வாங்கியிருக்கிறேன்!

எழுபதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு வந்திருக்கிறார், எஸ்.எஸ்.எல்.சி. படித்த உள்ளூர்ப் பெண் வேண்டும் என்றார்கள். போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்.

என்ன ஆராய்ச்சி? கர்ப்பிணி குடிக்கும் தண்ணீர், சமையலறையில் விழுங்கும் புகை, வயலில் கையால் தொடும் பூச்சி மருந்து — இதெல்லாம் வயிற்றிலிருக்கும் குழந்தையை எப்படிப் பாதிக்கிறது? அதுதான். அவர் எபிடமியாலஜிஸ்ட். யாருக்கு வியாதி வருகிறது, ஏன் அவர்களுக்கு வருகிறது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்று ஊர் ஊராக ஆராய்கிற டாக்டர்.

இதை ஜனங்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஊசி போடுவாங்களா?" என்று கேட்பார்கள். போடமாட்டார். "மாத்திரை?" கிடையாது. "அப்புறம் என்னங்க டாக்டரு?" என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆண்கள் நிலைமை இன்னும் மோசம். ஜீப் என்றாலே குடும்பக் கட்டுப்பாடு ஜீப் என்று எண்ணம். கடத்தூர் பக்கத்து ஊர்களுக்குள் நாங்கள் நுழைந்தால், ஒரு ஆம்பளை கண்ணில் படமாட்டார். சோளக்காடு மட்டும் ஆடும்.

தண்ணீர் கேட்டால் அதிலும் சிக்கல். தினமும் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துத் தாருங்கள் என்போம். வந்தவர்களுக்கு உப்புத் தண்ணீரையா கொடுப்பது என்று, ஒரு மைல் நடந்துபோய் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நிரப்பித் தருவார்கள்!

இதைக்கூடச் சமாளித்துவிட்டோம். சமாளிக்க முடியாதது வேறு.

டாக்டரம்மாவுக்கு மூன்று மாதம் முடியாத கர்ப்பிணிகள் வேண்டும். ஆரம்பத்திலிருந்து கவனித்தால்தான் ஆராய்ச்சி. நம் ஊரிலோ ஐந்தாம் மாதம் வரை வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் கண் பட்டுவிடும். நான் வீடு வீடாகப் போய் ரிஜிஸ்டரும் கையுமாக நிற்பேன்.

"இங்க யாராச்சும் முழுகாம இருக்காங்களா?"

"ஒருத்தரும் இல்லீங்க நர்சம்மா."

நான் நர்ஸ் இல்லை. ஜீப்பில் வந்து இறங்கினால் நர்சம்மாதான்.

மூன்று ஊர் முடிந்தது. ரிஜிஸ்டரில் ஐந்து மாதம், ஆறு மாதம், எட்டு மாதம்... டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "மெடிக்கல் அதிசயம்மா இது. இந்த ஜில்லாவிலே எல்லாக் கர்ப்பமும் அஞ்சாம் மாசத்திலேதான் ஆரம்பிக்குது."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தீபாவளிக்குள் ஆரம்ப மாதப் பெயர்கள் கிடைக்காவிட்டால் வேறு ஜில்லாவுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னார். போனால் என் வேலையும் போச்சு.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. உண்மையைச் சொன்னால் அந்த ஜீப் பிடித்திருந்தது. காலை எட்டு மணிக்கு மாமியாரிடம் சொல்லிக்கொண்டு படியிறங்குவது அவ்வளவு பிடித்திருந்தது. அந்த வேலையை விட்டுவிட எனக்கு மனசில்லை.

இதில் இன்னொரு கூத்து. எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்த பெண் மாசமானதும், 'ஜீப் குலுக்கல் உடம்புக்கு ஆகாது' என்று டாக்டரம்மா அன்பாகவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார். நானோ... அப்போது இரண்டு மாதம். யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் இல்லை, மாமியாரிடம் இல்லை, கணவரிடம்கூட இல்லை. அவர் வாயில் எதுவும் நிற்காது. மாமியாரிடம் போகும், அடுத்த நாளே நான் வீட்டோடு.

ஊர்ப் பெண்களெல்லாம் மறைக்கிறார்களே என்று நாளெல்லாம் அலுத்துக்கொண்டவள் யார்? சாட்சாத் நான்தான்.

நாலாவது ஊரில் பச்சையம்மா என்று ஒரு கூலிக்காரப் பெண். என் வயதுதான் இருக்கும். கர்ப்பிணி இல்லாவிட்டாலும் ஊருக்கு ஒரு வீட்டில் புகைக் கணக்கு எடுப்போம், அங்கே அது பச்சையம்மா வீடு. அவர் சமைக்கும்போது அடுப்படியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, எத்தனை நிமிஷம் புகை விழுங்குகிறார் என்று எழுதவேண்டும். துவரங்குச்சி அடுப்பு. ஜன்னல் கிடையாது. குழம்பு கருவாட்டுக் குழம்பு.

பதினோராவது நிமிஷம் எழுதுவதைப் போட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு... வேண்டாம், நீங்கள் காபி குடித்துக்கொண்டு படிப்பீர்கள்.

நிமிர்ந்தால் பச்சையம்மா சொம்புத் தண்ணீரோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள்.

"எத்தனை மாசமுங்க நர்சம்மா?"

"அதெல்லாம் இல்லீங்க. வயிறு சரியில்ல."

"ஓகோ." இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "இந்த ஊர்லயும் ஏழு பேருக்கு வயிறு சரியில்லீங்க. என்னையும் சேத்துத்தான்."

"அப்புறம் கேட்டா ஏன் சொல்லமாட்டேங்கறீங்க?"

"நீங்க ஏனுங்க சொல்லல?"

குரலைத் தாழ்த்தி உண்மையைச் சொன்னேன். "டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா என் வேல போயிடுங்க."

பச்சையம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். "எங்களுக்குப் போவாதுங்களா? மாசமா இருக்கறது தெரிஞ்சா களை எடுக்கக் கூப்புடமாட்டாங்க, நடவுக்குக் கூப்புடமாட்டாங்க. வூட்டுல அடுப்பு எரிய வேணாமா? கண்ணு படும்னு வெளிய சொல்லிக்கறது. உள்ளாற இருக்கறது இதுதான். உங்க வேல மட்டும்தான் வேலைங்களா?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. இத்தனை நாளாக வாசல் வாசலாய் நின்று கேட்டேனே, ஏன் சொல்ல மறுக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

"ஒண்ணு பண்ணுங்க," என்றார் பச்சையம்மா. "மொதல்ல உங்க பேர எழுதுங்க. அதுக்குக் கீழ எங்க பேர எழுதிக்கலாம். கண்ணு பட்டா மொதல்ல உங்களுக்குப் படட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். களை எடுக்க ஆள் வைப்பவர்களிடம் இந்த ரிஜிஸ்டர் போகவே போகாது என்று சத்தியம் செய்தேன். புதுப் பக்கத்தைப் புரட்டி, முதல் வரியில் என் பெயரை எழுதினேன். வயது, ஊர், கடைசியாக மாதவிலக்காகித் தலைக்கு ஊற்றிக்கொண்ட தேதி — எல்லாம்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! மீதி இரண்டு பேரையும் ஆள் அனுப்பிக் கூட்டிவந்துவிட்டார்கள். "எழுதிக்கோங்க, ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள்." "எனக்குத் தீர்த்தமலைக்குப் போய்ட்டு வந்த மூணாம் நாளுங்க." "எங்க சிவப்பி கன்னு போட்டுச்சே, அன்னிக்கு." எந்த ஆராய்ச்சியாளருக்குக் கிடைக்கும் இவ்வளவு துல்லியம்?

சாயங்காலம் ஜீப்பில் டாக்டரம்மாவிடம் ரிஜிஸ்டரைக் கொடுத்தேன். ஏழு பெயரையும் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டே போனார். முகம் மலர்ந்துகொண்டே வந்தது. முதல் வரிக்கு வந்ததும் நின்றது.

டிரைவர் மாணிக்கம் அண்ணன் ஜீப்பைக் கிளப்பாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இது... நீயா?"

"ஆமாங்க மேடம். நாளையிலேர்ந்து வரவேண்டாமுங்களா?"

டாக்டரம்மா ரிஜிஸ்டரை மூடினார். "வரவேண்டாமா? பேர் குடுத்தவங்களைப் பிரசவம் வரைக்கும் தொலைக்கக் கூடாது. எங்க படிப்பிலே அதுதான் முதல் விதி. உன்னை அனுப்பிட்டா நீ அம்மா வீட்டுக்குப் போயிடுவே. நான் எங்கே போய்த் தேடறது? பிரசவ வலி வர்ற வரைக்கும் நீ என் கண் முன்னாலேயே இருக்கணும்."

பிறகு முன்பக்கம் திரும்பினார். "மாணிக்கம், இனிமே இது ஜீப் இல்லே. மாட்டு வண்டி. புரியுதா?" மறுபடி என்னிடம், "நாளைக்கு உன் வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில். நல்ல தண்ணி இல்லே, தினம் குடிக்கற தண்ணி."

மாமியாரிடம் டாக்டரம்மாவே வந்து பேசிவிட்டதால், எட்டரை மாதம் வரை போனேன். கடைசி மாதங்களில் ஜீப் போன வேகத்துக்கு நாய்கள்கூடத் துரத்தாமல் விட்டுவிட்டன. எனக்கு மகன் பிறந்தான். அதே வாரத்தில் பச்சையம்மாவுக்குப் பெண்.

இதிலிருந்து நான் தெரிந்துகொண்டது ஒன்றுதான். அடுத்தவர் மனசைத் திறக்கச் சொல்கிறவர், முதல் வரியில் தன் பெயரை எழுதத் தயாராக இருக்கவேண்டும்.

அது சரி, கணவர்? அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சொன்னேன். குதித்தார், கண் கலங்கினார், "மொதல்ல எங்கிட்டதானே சொல்றே?" என்று கேட்டார்.

ஏழு பெண்கள், டாக்டரம்மா, மாணிக்கம் அண்ணன்... பத்தாவது ஆளாக நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்து, "ஆமாங்க," என்றேன்.