ஒழுகும் விமானம்

மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் காரியத்தைக் கெடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அம்மாவின் தம்பியான அவர் விமானப்படையில் மெக்கானிக். வடக்கே மாற்றிவிடுவார்கள் என்று பயந்து ஏற்கெனவே இரண்டு வீட்டார் பின்வாங்கியிருந்தார்கள். லீவு முடிய ஒரு வாரம்கூட இல்லை. இதுவும் தட்டிப்போனால் இனி அடுத்த வருஷம்தான் என்று அம்மா புலம்பிக்கொண்டே கிளம்பினாள்.

பெண் வீடு கணபதியில். முன்பாதியில் மோட்டார் பம்பு பட்டறை, பின்பாதியில் குடித்தனம். காபி குடித்து, சிறுவாணித் தண்ணீரின் ருசியையும் பேசி முடித்த பிறகு எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உதவி செய்வதாக நினைத்து, "மாமா, அந்த ஒழுகற விமானத்தப் பத்திச் சொல்லுங்க" என்றேன்.

விமானம் என்றால் மாமாவுக்குத் தலைகால் புரியாது. ஒலியைப் போல மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும் அமெரிக்க விமானம் அது. பறக்கையில் முன்கண்ணாடி அடுப்பாகக் கொதிக்கும், பற்பசை போலக் குழாயில் அடைத்த தன் சாப்பாட்டை விமானி அதில் வைத்துத்தான் சூடு பண்ணிக்கொள்வார் என்றார். உள்ளேயிருந்து பெண்கள் சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். தரையில் நிற்கும்போது அதன் டாங்கியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும், மேலே போய் வேகம் பிடித்தால்தான் நிற்கும் என்றும் சொல்லிவிட்டார்.

பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க தம்பி, ஒழுகற மெசின எவனாச்சும் வெளிய அனுப்புவானுங்களா? எம்பட பட்டறைல ஒரு சொட்டுக் கசிஞ்சாலும் பம்பு வாசலத் தாண்டாதுங்க."

டம்ளர்களை எடுக்க வந்த பெண் நிலைப்படியில் நின்றாள். "சூடேறுனாத் தகடு விரியுமுங்களே, அதுக்குத்தான் எடம் உட்டு வெச்சிருக்காங்களா?"

"அதேதானுங்க!" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார். அவளுடைய அம்மா அவளை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டவுன் பஸ்ஸில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். மாமாவோ சீட்டியடித்துக்கொண்டு வந்தார், காந்திபுரத்தில் இறங்கியதும் எனக்குக் கடலை மிட்டாய் வேறு வாங்கித் தந்தார். துக்கத்தை மறைக்கிறார் என்று நினைத்து நான் இன்னும் அழுதேன்.

நான்காம் நாள் பம்புக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"எனக்கு இன்னும் அந்த ஒழுகற சங்கதி மனசுக்கு ஒப்பலைங்க. ஆனா மூணு நாளா அம்மணி சரியாச் சோறு திங்கறதில்லைங்க. நீங்களே ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லிப்போடுங்க."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் கோபம் கோபமாக வந்தது. சீக்குக்காரப் பெண்ணை எங்கள் மாமாவின் தலையில் கட்டப் பார்க்கிறாரே, ஒருத்தரும் கேட்க மாட்டேன் என்கிறார்களே என்று.